தண்ணி குடிச்சதுல போய் மூளை வீங்குமா டாக்டர்?

பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டு ஒரு வாசகி எழுதியிருக்காங்க. நாலு பக்கம், அதைச் சுருக்கித் தர்றேன். வயசு 34, எடை 58 கிலோ, ரெண்டு வருஷமா ஓட்டப் பயிற்சி, போன மாசம்தான் முதல் முழு மாரத்தான். "தாகம் எடுத்துட்டாலே லேட்டு, அதுக்கு முன்னாடியே குடிச்சிரணும்"னு யாரோ சொன்னதைப் புடிச்சுக்கிட்டு, தண்ணி வச்சிருந்த ஒரு இடத்தையும் விடாம நின்னு ரெண்டு ரெண்டு கப்பா குடிச்சிருக்காங்க. ஓடி முடிக்க அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கு. முட்டி வலிக்குமேன்னு கிளம்பறப்பவே ஒரு ஐபுப்ரூஃபன் மாத்திரை வேற. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து எடை பாத்தா 59.5. மோதிரம் கழட்ட வரல. தலைவலி, குமட்டல். சரி, உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணி இன்னும் ஒன்றரை லிட்டர் குடிச்சிருக்காங்க. சாயங்காலம் வாந்தி, அப்புறம் இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியல. வீட்டுக்காரர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். ரத்தத்துல சோடியம் 126. கெட்டியான உப்புத் தண்ணி 100 மில்லி, ரெண்டு தடவை ஏத்திட்டு, வாய்ல ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். மறுநாள் தெளிவாயிட்டாங்க.

இப்போ அவங்க கேக்கறது: அதிகமா குடிச்ச தண்ணி சிறுநீராத்தானே போகணும், எப்படி இப்படி ஆச்சு? வத்திப்போய் வந்தவளுக்கு சாதாரண ட்ரிப்ஸ் ஒரு பாட்டில் கூட ஏத்தாம, தண்ணியும் குடுக்காம போட்டது அலட்சியம்தானே, புகார் குடுக்கலாமா? இனிமே உப்பு மாத்திரை போட்டுட்டு ஓடினா போதுமா? கூட ஓடுற தோழி ஒருத்தங்க, நீ சுத்திகரிச்ச தண்ணி குடிக்கிறதாலதான் செல்லெல்லாம் வெடிக்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

முதல்ல ஒரு விஷயம். உங்க கடிதம் முழுக்க "வத்திப்போன நான்", "வறண்டு போன என்னை"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க வத்திப்போய் வரலைங்க, ரொம்பி வழிஞ்சு வந்திருக்கீங்க. இந்த ஒரு இடத்துல நீங்க வச்சிருக்கற எண்ணம் மாறிட்டா மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் தானா வந்துரும், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

எடை மெஷின் அப்பவே சொல்லிருச்சு

அஞ்சு மணி நேரம் வேர்த்துக் கொட்டினவங்களுக்கு எடை குறையணும். உடம்புல சேத்து வச்சிருந்த சத்து எரிஞ்சதுக்கும் கொஞ்சம் குறையணும். உங்களுக்கு ஒன்றரை கிலோ கூடியிருக்கு. ஓடற நேரத்துல யாருக்கும் ஒன்றரை கிலோ தசையோ கொழுப்போ ஏறாது, அது அத்தனையும் தண்ணி. அதுக்கு மேல வீட்டுல ஒன்றரை லிட்டர். ஆக மொத்தம் 3 லிட்டர்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம். உங்க வயசு, உடம்புக்கு எடையில பாதி தண்ணின்னு வச்சுக்கலாம், அதாவது 29 லிட்டர். சோடியம் சாதாரணமா லிட்டருக்கு 135லேருந்து 145 மில்லிமோல் இருக்கணும், உங்களுக்கு 140 இருந்துச்சுன்னே வைங்க. அதே உப்பு இப்போ 29 லிட்டருக்கு பதிலா 32 லிட்டர்ல பரவிக் கிடக்குது. 140ஐ 29ஆல பெருக்கி 32ஆல வகுங்க, 127 வரும். லேப்ல வந்தது 126. வேர்வையில கொஞ்சம் உப்பு போயிருக்கும் இல்லையா, அந்த ஒண்ணு அதுக்கு. இவ்வளவு கச்சிதமா எல்லா நோயாளிக்கும் கணக்கு பொருந்தாது, உங்களுக்குப் பொருந்திருச்சு. உப்பு வெளிய போனதால சோடியம் குறையல, தண்ணி உள்ள வந்ததால நீர்த்துப் போச்சு. இந்த வித்தியாசத்தை மறந்துராதீங்க, உப்பு மாத்திரை கேள்விக்கு வரும்போது இது வேணும்.

தண்ணி எந்தப் பக்கம் போகும்

ஸ்கூல்ல சவ்வூடு பரவல்னு படிச்சிருப்பீங்க, படம் வரைஞ்சு அஞ்சு மார்க் வாங்கிட்டு மறந்திருப்பீங்க, நானும் அப்படித்தான். அப்புறம் மருத்துவக் கல்லூரி முதல் வருஷம் லேப்ல ரெண்டு டெஸ்ட் ட்யூப் குடுத்தாங்க. ஒண்ணுல லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட தண்ணி, இன்னொண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணி, ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு ரத்தம். உப்புத் தண்ணி கலங்கலா செவப்பா இருந்துச்சு, பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து தெரியல. மத்ததுல பாத்துட்டு இருக்கும்போதே கலங்கல் போயி கண்ணாடி மாதிரி தெளிஞ்ச செவப்பு, எழுத்து அப்படியே படிக்க முடிஞ்சுது. கலங்கலா காட்டினது முழுசா இருந்த சிவப்பணுக்கள், அது எல்லாம் தண்ணி உறிஞ்சி ஊதி வெடிச்சதும் உள்ள இருந்த சாயம் மட்டும்தான் மிச்சம். அன்னைக்குத்தான் எனக்கு அந்த அஞ்சு மார்க் படம் புரிஞ்சுது.

விஷயம் இதுதான். செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு கொழுப்பால ஆனது. தண்ணி அது வழியா போகும், அதுக்குன்னே அக்வாபோரின்னு புரதத்தால ஆன குழாய்களும் இருக்கு, ஒரு குழாய் வழியா ஒரு நொடிக்கு சுமார் 300 கோடி தண்ணி மூலக்கூறு போகும்னு கணக்கு சொல்றாங்க (இதைக் கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ல வேதியியல் நோபல்ல பங்கு கிடைச்சுது). ஆனா சோடியம் அவ்வளவு சுலபமா உள்ள போக முடியாது, கசிஞ்சு போனாலும் சவ்வுல ஒரு பம்ப் உக்காந்துக்கிட்டு மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும், ராப்பகலா. அதனால வெளிய சோடியம் உள்ள பொட்டாசியம்னு ஒரு பாகப்பிரிவினை, ரெண்டு பக்கமும் கரைஞ்சிருக்கற சரக்கோட மொத்த எண்ணிக்கை சமம். சமமா இருக்கற வரைக்கும் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தண்ணி உள்ள போகுதோ அவ்வளவு வெளிய வரும். தண்ணி அசையாம நிக்குதுன்னு நினைச்சுக்காதீங்க, அலையுது, கணக்கு மட்டும் நேரா இருக்கு.

நீங்க வெறும் தண்ணியா குடிச்சுக் குடிச்சு ரத்தத்தை நீர்க்க வச்சதும் அந்தச் சமன் கெட்டுப்போச்சு. வெளிய சரக்கு கம்மி, உள்ள அதிகம். அதிகமா இருக்கற பக்கம் தண்ணி போகும், ரெண்டு பக்கமும் மறுபடி சமமாகற வரைக்கும் போகும். உடம்புத் தண்ணியில மூணுல ரெண்டு பங்கு செல்லுக்குள்ளதான் இருக்குங்கறதால நீங்க சேத்த 3 லிட்டர்ல கிட்டத்தட்ட 2 லிட்டர் செல்லுக்குள்ள போயிருக்கும். தொடையில இருக்கற தசை செல் கொஞ்சம் ஊதினா ஒண்ணும் தெரியாது, தோல் இழுத்துக் குடுக்கும், மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளைக்கு அந்த வசதி இல்ல, அது எலும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. ஊத இடமில்லாத இடத்துல ஊதினா அழுத்தம் ஏறும், உங்களுக்கு வந்த தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம் எல்லாம் அதுதான். இன்னும் ஏறியிருந்தா ஃபிட்ஸ், அதுக்கப்புறம் மூச்சே நிக்கலாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லல, உங்க வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போன நேரம் நல்ல நேரம்னு சொல்றேன்.

1748ல நொல்லேன்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், சாராயத்தை ஒரு பாத்திரத்துல நிரப்பி மிருகத்தோட மூத்திரப்பையால வாயைக் கட்டி தண்ணியில முக்கி வச்சார், தண்ணி உள்ள போயி சவ்வு மேல புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. பாத்திரத்தோட பக்கமெல்லாம் கெட்டி, விரிய முடிஞ்சது அந்தச் சவ்வு மட்டும். மண்டையில அப்படி விரியற பக்கமே கிடையாது.

கிட்னி ஏன் வெளிய தள்ளல

நல்ல கேள்வி. சும்மா உக்காந்திருக்கும்போது ஆரோக்கியமான கிட்னி மணிக்கு 800 மில்லியிலேருந்து 1 லிட்டர் வரைக்கும் அதிகப்படி தண்ணியை வெளிய விட்டுரும். அதனாலதான் வீட்டுல நாலு டம்ளர் கூடக் குடிச்சா ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா ஓடும்போது மூளை ஏடிஹெச்னு ஒரு ஹார்மோனை விடுது, தண்ணியைப் புடிச்சு வைன்னு கிட்னிக்குப் போற உத்தரவு அது. நீண்ட நேர உழைப்பு, வலி, மன அழுத்தம் எல்லாமே ஏடிஹெச்சை ஏத்தும். குமட்டல் ரொம்பவே ஏத்தும், யோசிச்சுப் பாருங்க, தண்ணி கூடிப்போயி குமட்டல், குமட்டலால ஏடிஹெச், ஏடிஹெச்சால இன்னும் தண்ணி தேங்கி, திரும்ப குமட்டல். இதுக்கு நடுவுல ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை அந்த ஹார்மோனோட வேலையை இன்னும் பலமாக்கி விடும். நீங்க கடிதத்துல ஒரே வரியில போற போக்குல சொல்லிட்டுப் போன மாத்திரைதான் எனக்கு உறுத்துது.

அங்கேயும் இதே சவ்வூடு பரவல்தான் வேலை செய்யுது. கிட்னியோட உள்பகுதி உப்பும் யூரியாவும் சேந்து ரத்தத்தைவிட நாலு மடங்கு வரைக்கும் கெட்டியா இருக்கும். ஏடிஹெச் வந்ததும் சிறுநீர் போற குழாயோட சவ்வுல அக்வாபோரின் வந்து ஒட்டிக்கும், கதவு திறந்த மாதிரி. சிறுநீரா போக வேண்டிய தண்ணி அந்தக் கெட்டியான பக்கம் இழுபட்டு திரும்ப ரத்தத்துக்கே வந்துரும். உங்க கிட்னி சொன்னதைக் கேட்டு ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது, உத்தரவுதான் தப்பான நேரத்துல வந்துச்சு.

ஆஸ்பத்திரி மேல கோவம்

நீங்க எழுதினதை மட்டும் வச்சுச் சொல்றேன், உங்க ஃபைலை நான் பாக்கல. கடிதத்துல இருக்கறபடி நடந்திருந்தா அது அலட்சியம் இல்ல, சரியா அதைத்தான் செஞ்சிருக்கணும்.

நீங்க சாதாரண ட்ரிப்ஸ்னு சொல்ற நார்மல் சலைன் (லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட தண்ணி) ஏன் ஏத்தலன்னு கேக்கறீங்க. ஏடிஹெச் உச்சத்துல இருக்கும்போது அதை ஏத்தினா, கிட்னி அந்த உப்பைக் கெட்டியான சிறுநீரா வெளிய தள்ளிட்டு தண்ணியை உள்ளேயே வச்சுக்கும், சோடியம் இன்னும் இறங்கக்கூட வாய்ப்பு இருக்கு. நிறைய பேர் ட்ரிப்ஸ் ஏத்தலைன்னா வைத்தியமே பாக்கலன்னு நினைக்கிறாங்க. உங்களுக்கு ஏத்தினது 3 சதவீத உப்புத் தண்ணியா இருக்கும், நார்மல் சலைனைவிட மூணு மடங்குக்கு மேல கெட்டி. அது ரத்தத்துல கலந்ததும் வெளிய சரக்கு ஏறும், மூளை செல்லுக்குள்ள போன தண்ணி வந்த வழியே திரும்பும். அதுக்கு அதிகம் தேவையில்ல, சோடியம் 4லேருந்து 6 வரைக்கும் ஏறினாலே வீக்கத்தோட ஆபத்து பெரும்பாலும் தணிஞ்சிரும், அதனாலதான் சின்னச் சின்னதா 100 மில்லி.

ஏன் ஒரே மூச்சுல 140க்குக் கொண்டு வரலன்னும் கேட்டிருக்கீங்க. மூளை செல் ரொம்ப சாமர்த்தியம், சோடியம் குறைவாவே இருந்தா ரெண்டு நாள்ல தன் உள்ள இருக்கற சரக்கை வெளிய தள்ளி தன்னைச் சமன் பண்ணிக்கும். அப்படிப் பழகிப்போன மூளைக்கு திடீர்னு உப்பை ஏத்தினா, இந்தத் தடவை தண்ணி வெளிய ஓடி செல் சுருங்கும், நரம்பைச் சுத்தி இருக்கற உறை உரிஞ்சு போகும், அது நிரந்தர பாதிப்புல கூட முடியலாம். பல நாளா குறைஞ்சிருந்தவங்களுக்கு 24 மணி நேரத்துல 8லேருந்து 10க்கு மேல ஏத்தக்கூடாதுன்னு வரம்பு வச்சிருக்கறது அதனாலதான். உங்களுக்கு சில மணி நேரத்துக் கதைங்கறதால அந்த ஆபத்து ரொம்பக் கம்மி, ஆனா முதல் தடவை பாக்கற டாக்டருக்கு இது இன்னைக்கு ஆரம்பிச்சதா போன வாரம் ஆரம்பிச்சதான்னு எப்படித் தெரியும், அவர் ஜாக்கிரதையா போனது உங்களுக்கு நல்லதுதான்.

புகார் குடுக்கறதும் குடுக்காததும் உங்க உரிமை. அதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியும், எத்தனை மணிக்கு எடுத்த ரத்தத்துல சோடியம் எவ்வளவுங்கற ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்க. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்திருக்காங்களா, படிப்படியா ஏறியிருக்கா, இதை மட்டும் பாருங்க. இருந்துச்சுன்னா புகார்ல எழுத எதுவும் இருக்காது. ஆனா ஒரு குறை நிஜம், தண்ணி ஏன் குடுக்கலைன்னு உங்க பக்கத்துல உக்காந்து அஞ்சு நிமிஷம் யாரும் சொல்லல. அதை எழுதிக் குடுங்க, தாராளமா. இன்னொரு பக்கம், அடுத்த தடவை எங்கேயாவது இதே நிலைமையில போயி "ட்ரிப்ஸ் ஏத்துங்க"ன்னு நீங்களோ வீட்டுக்காரரோ சண்டை போட்டு, ராத்திரி டூட்டியில இருக்கறவர் சரின்னு ஏத்திட்டார்னா அதுதான் எனக்குக் கவலை.

உப்பு மாத்திரையும் தோழி சொன்னதும்

2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர் ரத்தத்தைப் பரிசோதிச்சாங்க, அதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. யாருக்கெல்லாம் குறைஞ்சுதுன்னு பாத்தா, ஓட்டத்துல எடை கூடினவங்கதான் முன்னாடி நின்னாங்க. அப்போ மருந்து எங்க இருக்கு? குடிக்கறதைக் குறைக்கறதுல இருக்கு. உப்பு மாத்திரை போட்டுக்கிட்டு அதே அளவு தண்ணி குடிச்சா இதே இடத்துக்குத்தான் வருவீங்க, போதாததுக்கு உப்பு தாகத்தைத் தூண்டி இன்னும் குடிக்க வைக்கும். விளையாட்டு வீரர்கள் குடிக்கற பானம்னு விக்கறதும் அப்படித்தான், பெரும்பாலானதுல சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் பக்கம்தான் இருக்கும், உங்க ரத்தத்துல 140. ரத்தத்துக்கு அதுவும் தண்ணிதான்.

தோழி விஷயத்துக்கு வரேன். அவங்க சொல்றதுல துளி உண்மை இருக்கு, காய்ச்சி வடிச்ச தண்ணியை நேரா ரத்தக் குழாய்ல ஏத்தினா நான் டெஸ்ட் ட்யூப்ல பாத்ததுதான் உள்ள நடக்கும், உயிருக்கே ஆபத்து. ஆனா குடிக்கற தண்ணி வயித்துல, குடல்ல இருக்கற உப்புச் சாறோட கலந்துதான் ரத்தத்துக்குப் போகுது. அதோட ரத்தத்துக்குச் சமமா இருக்கணும்னா லிட்டருக்கு 9 கிராம், அதாவது 9,000 மில்லிகிராம் உப்பு வேணும். சுத்திகரிச்ச தண்ணியில கரைஞ்சது 50 மில்லிகிராம், குழாய்த் தண்ணியில 500ன்னு வைங்க, 9,000 பக்கத்துல நிக்க வச்சா ரெண்டும் ஒண்ணுதான். நீங்க எந்தத் தண்ணி குடிச்சீங்கங்கறதுல பிரச்சினை இல்ல, எவ்வளவுங்கறதுலதான்.

அப்போ எவ்வளவு குடிக்கறது

தாகம் எடுத்தா குடிங்க. தாகம் எடுத்தாலே லேட்டுன்னு சொன்னவங்களுக்கு தாகம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியல. மூளையில அதுக்குன்னு செல் இருக்கு, ரத்தம் கெட்டியானா அதுலேருந்து தண்ணி வெளிய போயி அது சுருங்கும், சுருங்கினதும் தாகத்தைக் கிளப்பும். ரத்தத்தோட கெட்டித்தன்மை ஒண்ணு ரெண்டு சதவீதம் மாறினாலே அதுக்குத் தெரிஞ்சிரும். இவ்வளவு நுணுக்கமான மீட்டரை உள்ள வச்சுக்கிட்டு, எவனோ போட்ட அட்டவணையைப் பாத்துக் குடிக்க வேண்டியதில்ல. அதுக்காக பயந்துபோய் தண்ணியையே குறைச்சுரவும் வேண்டாம், வெயில்ல ஓடி நிஜமாவே வத்திப்போறதும் ஆபத்துதான், அதுக்கும் ஆஸ்பத்திரியில படுக்கணும்.

வலி மாத்திரை போட்டுட்டு ஓடாதீங்க. முட்டி வலிச்சா அன்னைக்கு ஓட வேண்டாம், இதுல நான் விட்டுக்குடுக்கற மாதிரி இல்ல. ஒரு தடவை சும்மா இருக்கற நாள்ல சோடியம் பரிசோதிச்சுக்குங்க, அன்னைக்கும் குறைவா இருந்தா தைராய்டு, அட்ரீனல் சுரப்பி பக்கம் தேடணும். வேற ஏதாவது மாத்திரை, குறிப்பா பிரஷருக்குக் குடுக்கற சில வகை சிறுநீர் மாத்திரையோ மனச்சோர்வுக்கு மாத்திரையோ எடுத்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுல சிலது சோடியத்தை இறக்கும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. தலைவலி, வாந்தி, எடை கூடியிருக்கு, இந்த மூணும் சேந்து வந்தா தண்ணியைக் கீழ வச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி, போனதும் "நீண்ட தூரம் ஓடினேன், நிறைய தண்ணி குடிச்சேன், சோடியம் பாருங்க"ன்னு சொல்லுங்க. குழப்பத்துல உங்களால சொல்ல முடியாமப் போகலாம், அதனால இந்த வாக்கியத்தை வீட்டுக்காரர்தான் மனப்பாடம் பண்ணணும்.

கடைசியா, அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே மெஷின்ல எடை பாருங்க. 58ல கிளம்பி 57லயோ 57.5லயோ வந்து நின்னா சந்தோஷமா உக்காந்து தாகத்துக்குக் குடிங்க. 58ஐ தாண்டி இருந்தா ஒரு மடக்கு கூட வேண்டாம், பாத்ரூம் போற வரைக்கும் காத்திருங்க.